சபைக்கு வந்த ஊசி

"இன்னிக்கி ஒரு நாளு அந்த ஊசிய போடலன்னா உசுரா போயிடும்?"

ஜானகியம்மாள் குளியலறைக் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். எதிரே மருமகள் கல்பனா, கையில் பேனா மாதிரி ஒரு இன்சுலின் ஊசியோடு. கூடத்தில் மகள் பூமிகாவுக்கு வளைகாப்பு. திருப்பாச்சூர் சொந்தம் முழுக்க ஜமக்காளத்தில் வந்து உட்கார்ந்தாயிற்று.

"போயிடும் அத்தை. அதான் போடறது," என்றாள் கல்பனா.

"வாய்க்கி கொறச்சலில்ல. பூமிகா எழுந்ததும் அதே மணையில உன்ன ஒக்கார வெச்சி வளையல் போடணும்னு நெனச்சிக்கினு இருக்கேன். அடுத்தது ஒனக்குன்னு நாலு சுமங்கலிங்க வாயால சொல்லணும். அந்த நேரத்துல ஊசியும் ரத்தமும் ஆவுமா? ஊசி போடற ஒடம்புல கொழந்த எப்பிடிடீ தங்கும்?"

அந்த வீட்டில் சர்க்கரை நோய்க்கு இரண்டு விதமான அந்தஸ்து உண்டு. மாமனார் மணவாளனுக்கு வந்தது கௌரவம். எந்த விசேஷத்துக்குப் போனாலும் "ஐயாவுக்குச் சக்கர இல்லாத காபி!" என்று ஒருவர் கத்த, இன்னொருவர் ஓட, தனி டம்ளரில் வரும். அதை அவர் வாங்கும் தோரணையில் பொன்னாடை வாங்குகிறவன் தோற்றுப்போவான். தினமும் கூடத்தில் நாற்காலி போட்டு விரலைக் குத்தி, மீட்டரில் வந்த எண்ணைக் கிரிக்கெட் ஸ்கோர் போல அறிவிப்பார். இருநூறைத் தாண்டினால் குரலில் கம்பீரம் கூடும். பிறகு இரண்டு அதிரசம் சாப்பிடுவார். மாத்திரை எதற்கு இருக்கிறது?

கல்பனாவுக்கு வந்தது வேறு ரகம். பள்ளிக்கூட நாளிலேயே அவள் உடம்பு இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்டது. பெண் பார்க்க வந்த அன்றே அவள் அப்பா ஒளிக்காமல் சொன்னார். ஜானகியம்மாளும் ஒளிக்காமல் கேட்டாள்: "அப்ப அதுக்குன்னு தனியா எதுனா பாத்துப் போடுங்க." போட்டார்கள். நகை பீரோவுக்குப் போனது, ஊசி குளியலறைக்குப் போனது.

கல்பனாவுக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. அளவு தப்பிய சாமானை வாசல் தாண்ட விடமாட்டாள். பிள்ளை விஷயத்திலும் அப்படித்தான். "மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஆறரைக்குக் கீழே வரட்டும், அதுவரை பொறு. மாதவிலக்கு நின்றுபோனது தெரிவதற்குள் பிள்ளைக்கு முதுகெலும்பும் இதயமும் உருவாகத் தொடங்கிவிடும்" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஒரு வருஷமாகச் சோற்றை அளந்து, ஃபோலிக் மாத்திரை போட்டு, கண்ணையும் சிறுநீரகத்தையும் சோதித்து, போன வாரம்தான் அந்த எண்ணுக்குக் கீழே இறங்கியிருந்தாள். இன்றைக்கு ஊசி இல்லாமல் புளியோதரையும் கேசரியும் சாப்பிட்டால் மணைக்குப் பதில் ஆம்புலன்ஸில்தான் உட்கார வேண்டும்.

இதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் கணவன் சரவணகுமார். அம்மாவிடம் சொல்கிறேன் சொல்கிறேன் என்று வருஷத்தை ஓட்டியவன். ஊருக்குத் தெரிந்ததெல்லாம், கல்யாணமாகி இத்தனை நாளாகியும் கல்பனாவுக்கு 'விசேஷம்' இல்லை என்பதுதான். சாம்பார் வாளியோடு அந்தப் பக்கம் வந்தவனைக் கல்பனா பார்த்தாள்.

"நீங்களாச்சும் சொல்லுங்க."

"பேஜாரு பண்ணாத கல்பனா. சோத்த கம்மியா துன்னு, அவ்ளோதான்," என்று வாளியைக் கை மாற்றிக்கொண்டு நழுவிவிட்டான்.

கூடத்தில் பூமிகா மணையில் உட்கார்ந்திருந்தாள். ஏழு மாத வயிறு, கன்னமெல்லாம் சந்தனம். வந்தவள் ஒவ்வொருத்தியும் வளையல் போட்டுவிட்டு வாயில் ஒரு கை கேசரியைத் திணித்தாள். அவளோ சொம்புத் தண்ணீரை விடாமல் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலியில் மணவாளன் விரலை அழுத்தி மீட்டரைத் தூக்கிக் காட்டினார்.

"எரநூத்திப் பதினாலு!"

"ஒழச்ச ஒடம்பு, தாங்குது," என்றார் ஒரு பங்காளி.

கல்பனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே போய் மாமனார் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மெஷின குடுங்க மாமா."

அவர் யோசிப்பதற்குள் வாங்கி, ஊசிமுனையை மாற்றி, விரலைக் குத்தினாள்.

"நூத்திப் பன்னெண்டு!" என்று அவரைப் போலவே அறிவித்தாள். பிறகு இடுப்புச் சேலையை இரண்டு விரலளவு ஒதுக்கி, சபை பார்க்க வயிற்றில் இன்சுலினைப் போட்டுக்கொண்டாள்.

பூமிகாவின் மாமியார் திலகவதி, "இன்னா சம்பந்தி இது?" என்றாள்.

"அது... சத்து ஊசி," என்றாள் ஜானகியம்மாள்.

"சத்து ஊசி இல்லீங்கம்மா, சுகர் ஊசி," என்றாள் கல்பனா. "எனக்குக் கொழந்த தங்காம இல்ல. சுகர் எறங்கட்டும்னு நாங்கதான் நிறுத்தி வெச்சிருந்தோம். இப்ப எறங்கிடுச்சி. இத சொல்ல இந்த ஊட்டுப் புள்ளைக்குத்தான் ஒரு வருசமா வாயி வரல."

சரவணகுமார் சாம்பார் வாளிக்குள் எதையோ தேடினான்.

அப்போது மணையிலிருந்து ஒரு கை நீண்டது, முழங்கை வரை வளையலோடு.

"அண்ணி, எனக்கும் பாருங்க."

கர்ப்பத்தில் சர்க்கரை வந்திருப்பதாகப் போன வாரமே ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். பூமிகா வாயைத் திறக்கவில்லை. இந்த வீட்டில் ஊசியை எங்கே வைத்தார்கள் என்று பார்த்ததில் வந்த பயம் அவளுக்கு. கல்பனா மறுபடி முனையை மாற்றிக் குத்தினாள். இருநூற்றி அறுபது. உழைத்த உடம்பு என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஜானகியம்மாள் குனிந்து மருமகளின் காதைக் கடித்தாள். "அடியே, உன் ஊசில கொஞ்சம் அவளுக்குப் போட்டு வுடேன். பாத்ரூமுக்கு இட்டுக்கினு போயி... சம்பந்தி பாக்கறாங்க."

"என்னுது அவளுக்கு ஆவாது அத்தை. டாக்டர் பாத்து அளவு சொல்லணும். காலையில நானே லீவு போட்டு இட்டுக்கினு போறேன். மொதல்ல இத எடுங்க," என்று கல்பனா கேசரித் தட்டை மாமியார் கையில் கொடுத்தாள்.

திலகவதி தொண்டையைச் செருமினாள். "ஒடம்புல இப்பிடி ஒன்ன வெச்சிக்கினு கம்முனு இருந்துட்டீங்களே சம்பந்தி. அப்ப அதுக்குன்னு தனியா எதுனா பாத்துப் போடுங்க."

பெண் பார்க்கப் போன அன்று தான் சொன்ன அதே சொற்கள் திரும்பி வந்து நிற்க, ஜானகியம்மாள் கேசரித் தட்டைக் கீழே வைத்தாள். பதில் கல்பனாவிடமிருந்துதான் வந்தது.

"தாராளமா போட்றோம்மா. மாமாவோட சுகருக்கு யாரு எவ்ளோ போட்டாங்கன்னு மொதல்ல கேட்டுச் சொல்லுங்க."

சபை முழுக்க மணவாளனைப் பார்த்தது. மனிதர் மீட்டரை மெல்ல வேட்டி மடிப்புக்குள் தள்ளினார். நேரம் காலம் தெரியாமல் சமையல்கட்டிலிருந்து ஒரு குரல் கிளம்பியது: "ஐயாவுக்குச் சக்கர இல்லாத காபி!"

தனி டம்ளர் வந்தது. பழக்கதோஷத்தில் கையை நீட்டினார். கல்பனா குறுக்கே வாங்கினாள்.

"இன்னிக்கி இது உங்க பொண்ணுக்கு மாமா," என்று பூமிகாவிடம் கொடுத்துவிட்டுக் கணவன் பக்கம் திரும்பினாள். "எனக்கு எலய போடுங்க. ஊசி போட்டாச்சி, நேரத்துக்குத் துன்னணும்."

சரவணகுமார் இலை எடுக்க ஓடினான். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் மணவாளன் மீசையைத் தடவிக்கொண்டார். பூமிகா எல்லோர் முன்னாலும் அந்தக் காபியை ஊதி ஊதிக் குடித்தாள்.