பட்டியலில் இல்லாத காரணம்

அலுவலகத்தில் அவளுக்குக் கழுகு என்று பெயர். வைத்தவர் டீம் லீடர். அதற்குக் காரணம் ஒரு மின்விசிறி.

அவளுடைய வேலை ஆன்லைன் பரீட்சைக்குக் காவல் இருப்பது. ஊர் ஊராக, வீடு வீடாக உட்கார்ந்து பட்டப்படிப்புப் பரீட்சை எழுதுகிறவர்களைக் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒருநாள் ஒரு ஆசாமி தனக்குக் குளிர்கிறது, விசிறியை நிறுத்திக்கொள்ளட்டுமா என்று பவ்வியமாக அனுமதி கேட்டான். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நிற்கிறவனுக்கு என்ன குளிர் என்று இவளுக்குத் தோன்றியது. "கேமராவை மேல தூக்குங்க" என்றாள். விசிறியின் மூன்று இறக்கைகளிலும் கறுப்பு மையில் சூத்திரங்கள். சுற்றும்வரை அவனுக்கே படிக்க முடியவில்லை, பாவம். கையும் களவுமாகப் பிடிபட்டான். அன்றிலிருந்து அவள் கழுகு. மூன்று வருஷமாக அவள் கண்ணுக்குத் தப்பி ஒருவரும் ஒரு வரி காப்பி அடித்ததில்லை, அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இந்தக் கண்ணை அவள் அலுவலகத்திலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தால் தேவலை. வீட்டுக்கும் கொண்டு வந்துவிடுவாள். வீட்டுக்காரர் பதினாறு வருஷம் ஒரு பேக்கிங் இயந்திரத்தை ஓட்டியவர். கம்பெனி இடம் மாறியபோது இயந்திரம் போனது, இவர் போகவில்லை. இப்போது சரக்குப் போக்குவரத்தில் ஆன்லைன் பட்டம் படிக்கிறார். படிக்கிறார் என்று அவர்தான் சொல்கிறார். அவள் பார்த்தவரை லேப்டாப் ஒரு பக்கம், மனுஷன் முகம் ஜன்னல் பக்கம்.

அன்று காலையிலும் அப்படித்தான். "ஏங்க, பாடம் ஜன்னலுக்கு வெளியிலயா நடக்குது?" என்றாள் செருப்பை மாட்டிக்கொண்டே.

"இல்ல, சும்மா ஒரு விஷயம்..."

"நாப்பத்திரண்டு வயசுல படிக்கிறோம். பராக்குப் பார்க்கவா நேரம் இருக்கு?"

அவர் திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவளும் கிளம்பிவிட்டாள்.

மூன்றாவது மாடியில் அலுவலகம். நீலக் கம்பளம், இருபது மேசை, இருபது ஹெட்செட். கழுகின் திரையில் எப்போதும் பன்னிரண்டு கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு பரீட்சைக்காரர். மின்தூக்கி பழுதுபார்க்கிறவர் ஒருவர், சாப்பாட்டு மேசையில். லாரியை ஓரங்கட்டிவிட்டு ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்திருப்பவர் ஒருவர். கட்டிலில் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, அது எப்போது எழுந்து தொலைக்குமோ என்று கதவை ஒரு கண்ணால் பார்க்கிற பெண் ஒருத்தி. கல்லூரி வாசலை மிதிக்க நேரமில்லாதவர்களைத் தேடி இப்போது கல்லூரியே வந்துவிட்டது. கூடவே கழுகும் வந்துவிட்டது.

ஐந்தாம் கட்டத்தில் ஐம்பது வயது அம்மா ஒருவர். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. பூட்டுகிற கதவு அங்கேதான் இருக்கிறது என்று விரிப்புகள் வைக்கும் அறையிலேயே மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். விதிப்படி அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னாள் கழுகு. ஒரு சுவர் முழுக்க இரும்பு அலமாரி, அதில் வெள்ளை விரிப்புகள் அடுக்கடுக்காக. எதிர்ச் சுவரில் சாம்பல் நிறக் கதவு. வேறொன்றும் இல்லை.

அடையாள அட்டையை மென்பொருள் சரிபார்க்க இரண்டு நிமிஷம் எடுத்தது. அந்த இடைவெளியில் அந்த அம்மா தானாகவே பேசினார்.

"இது ஒண்ணுதான் மேடம் பாக்கி. புள்ளியியல். ரெண்டு தடவை போயிடுச்சு."

"ம்."

"எங்க ஆஸ்பத்திரியில தொற்றுத் தடுப்புப் பிரிவுல உதவியாளர் வேலை போட்டிருக்காங்க. வெள்ளிக்கிழமை கடைசி நாள். பட்டம் இல்லாம விண்ணப்பமே வாங்க மாட்டாங்க. சேர்றதுக்கு முன்னாடியே ஆபீஸ்ல கேட்டேன், இந்தப் படிப்புக்கு அங்கீகாரம் உண்டா, இத வெச்சு மேல போக முடியுமான்னு. எழுதியே வாங்கிட்டேன். விளம்பரத்த நம்பிச் சேர்ந்துட்டு எங்க அக்கா பையன் ரெண்டு வருஷத்த கோட்டை விட்டான்."

"சரிம்மா. ஆரம்பிக்கலாம்" என்றாள் கழுகு. கதை கேட்க அவளுக்குச் சம்பளம் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை என்பது மட்டும் மனதில் தங்கிவிட்டது, ஏனென்றால் அன்று புதன்கிழமை.

பரீட்சை தொடங்கிப் பத்து நிமிஷத்தில் ஐந்தாம் கட்டம் சிவந்தது. மென்பொருள் உதடு அசைவைக் கண்டுபிடித்திருந்தது. அந்த அம்மா முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி சிவப்பு. இந்தத் தடவை கை: கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்கள்மேல் ஒவ்வொன்றாக ஏறி இறங்கியது. யாருக்கோ சைகை காட்டுகிறார் என்று மென்பொருளுக்குச் சந்தேகம். மூன்றாவது சிவப்புக்குக் காரணம் கண். கேமராவுக்குப் பின்னால், இடது மேல் மூலையில், ஒரே இடத்தை அவர் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மூன்று சிவப்பு விழுந்தால் ஒரு நிமிஷம் கெடு. அதற்குள் காவலர் ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுத்துத் 'தொடரலாம்' என்று அழுத்தாவிட்டால் பரீட்சை தானே பூட்டிக்கொள்ளும். அடுத்த பரீட்சை ஆறு மாதம் கழித்து.

ஒரே இடத்தைப் பார்த்தால் அங்கே ஏதோ எழுதி ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். மூன்று வருஷத்தில் இது தப்பியதே இல்லை. கழுகு கெடுவோடு பரீட்சைக் கடிகாரத்தையும் நிறுத்திவிட்டு மைக்கைத் திறந்தாள். அவள் நிறுத்தி வைத்த நேரத்தைப் பரீட்சைக்காரருக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

"கையை மேசை மேல வைங்க. கேமராவை எதிர்ப்பக்கம் திருப்புங்க. இடது பக்கம், மேல."

அந்த அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. திருப்பினார். அலமாரி. விரிப்புகள். கழுகு ஒவ்வொரு அடுக்காகப் பெரிதாக்கிப் பார்த்தாள். சீட்டு இல்லை, எழுத்து இல்லை, துணியில் தையல் அடையாளம்கூட இல்லை.

"அங்க என்ன இருக்கு?"

"விரிப்பு மேடம்."

"அது தெரியுது. எதுக்கு அதையே பார்க்கறீங்க? விடையச் சொல்லாதீங்க, எதுக்குப் பார்த்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"கணக்குப் போடறேன்" என்றார் அந்த அம்மா, திருடி மாட்டிக்கொண்டவர் குரலில். "முதல் தடவையும் ரெண்டாவது தடவையும் வீட்ல எழுதினேன். சூத்திரத்த நெட்டுருப் போட்டுட்டுப் போனேன், ஒண்ணும் நிக்கல. அப்புறம் ஒருநாள் இங்க வேலை பார்க்கும்போதுதான்... அந்த அஞ்சு அடுக்கு பாருங்க. பன்னிரண்டு, எட்டு, பத்து, ஆறு, பதினாலு. தினமும் எண்ணறவளுக்குப் பார்த்தாலே தெரியும். ஒசந்ததுல இருந்து எடுத்துக் குட்டையில வெச்சா எல்லாம் ஒரே மட்டம் ஆயிடும். பத்து. அதுதானே சராசரி?"

கழுகு மனதுக்குள் கூட்டி வகுத்தாள். ஐம்பது, ஐந்தால் வகுத்தால் பத்து. சரிதான்.

"எத்தனை விரிப்ப எத்தனை தூரம் தூக்கி வெச்சாத்தான் மட்டமாகும்? அந்தக் கஷ்டம்தான் விலக்கம். இதுல ஒரு விஷயம் மட்டும் ரொம்ப நாளா பிடிபடல. அத எதுக்கு அதாலேயே பெருக்கச் சொல்றாங்க? யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். பத்து வார்டுல வார்டுக்கு ஒரு விரிப்பு குறைஞ்சா யாருக்கும் தெரியாது மேடம், சமாளிச்சுடுவாங்க. ஒரே வார்டுல பத்து குறைஞ்சா பத்து நோயாளி வெறும் மெத்தையில படுப்பாங்க. ரெண்டும் பத்துதான். ஆனா ரெண்டும் ஒண்ணா? அந்தப் பெரிய தப்பு பெரிசா தெரியணும்னுதான் பெருக்கச் சொல்றாங்க. அப்படித்தான் நான் எடுத்துக்கிட்டேன். தப்பா?"

கழுகு தனக்குத் தெரிந்த சூத்திரத்தை மனதில் எழுதிப் பார்த்தாள்.

அவளும் பட்டதாரிதான். திட்ட விலக்கத்தின் சூத்திரத்தை இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். அறுபத்தொரு மதிப்பெண். அந்தச் சூத்திரத்தில் ஏன் அந்தச் சின்ன இரண்டு தலைக்குமேல் உட்கார்ந்திருக்கிறது என்று அவள் யாரையும் கேட்டதில்லை, அவளுக்கு யாரும் சொன்னதுமில்லை. கேமராவைத் தன் பக்கமே திருப்பிவிட்டு, சாம்பல் கதவுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, தப்பா மேடம் என்று ஒருவர் கேட்கிறார். அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

சிலிர்த்தாலும் வேலை வேலைதான். துணை சாதனம் எதையும் பார்த்து எழுதக்கூடாது என்பது விதி. அலமாரி துணை சாதனமா? விதியை எழுதியவர் விரிப்புகளைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்.

"அம்மா, ஒண்ணு பண்ணுங்க. மேசைக்கு இந்தப் பக்கம் வந்து உட்காருங்க. அலமாரி உங்க முதுகுக்குப் பின்னால இருக்கணும். திரும்பியே பார்க்கக் கூடாது. எழுத முடியுமா?"

அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். "பார்க்கறேன் மேடம்" என்றார்.

இப்போது அவருக்கு எதிரே வெறும் கதவு. கடிகாரம் மறுபடி ஓடியது. அடுத்த கேள்வியை இரண்டு தடவை படித்தார். பேனாவைக் கீழே வைத்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டு கைகளும் மேசைக்கு மேலே எழும்பின. வலது கை உயரத்திலிருந்து எதையோ பக்குவமாக எடுத்தது. இடது கை அதை வாங்கித் தாழ்வாக ஓரிடத்தில் வைத்து, மேலே ஒரு தட்டுத் தட்டிச் சுருக்கம் நீக்கியது. மறுபடி எடுத்தது, மறுபடி வைத்தது. காற்றில் ஒன்றுமே இல்லை. ஆனால் எது உயரம், எது குட்டை, எங்கே இரண்டு பாக்கி என்று கழுகுக்கே தெரிகிற மாதிரி இருந்தது. உதடு எண்ணியது. கட்டைவிரல் கணுக்களில் நடந்தது. ஒருவர் தலைக்குள் நடக்கிற காரியத்தை அவள் அதற்கு முன்னால் கண்ணால் பார்த்ததே இல்லை. ஹெட்செட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மென்பொருளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. கண் மூடல், சிவப்பு. கை, சிவப்பு. உதடு, சிவப்பு. ஒவ்வொரு சிவப்புக்கும் ஒரு கெடு. காரணங்களின் பட்டியலைத் திறந்தாள்: தும்மல், வெளிச்சக் குறைவு, இணையத் தடங்கல், குழந்தை குறுக்கீடு, பிற. 'பிற'வை அழுத்தினால் ஒரு வெற்றுக் கட்டம் வரும். அதில் எழுதினாள்: யோசிக்கிறார். தொடரலாம்.

மறுபடி சிவப்பு. யோசிக்கிறார். தொடரலாம்.

அடுத்த ஐம்பது நிமிஷத்தில் இருபத்தொன்பது தடவை அதையே எழுதினாள். முடிக்க நான்கு நிமிஷம் இருக்கும்போது அந்த அம்மா சமர்ப்பித்தார். 'பரிசீலனைக்குப் பின் முடிவு' என்று திரை சொன்னது. கேமராவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார், யாருக்கென்று தெரியாமல்.

ஒரு மணி நேரத்தில் டீம் லீடர் வந்து நின்றார்.

"ஒன்பதாம் கட்டத்துல ஒருத்தன் மடியில போன வெச்சு ஆறு நிமிஷம் பார்த்திருக்கான். மறுபார்வையில பிடிச்சாங்க. நீ பிடிக்கல. கழுகுக்குக் கண்ணு போயிடுச்சா?"

"ஒரே கட்டத்தைப் பார்த்துட்டேன் சார்."

"அதையும்தான் கேட்க வந்தேன். முப்பத்திரண்டு சிவப்பு. ரத்து பண்ண வேண்டிய கேஸ். நீ என்னடான்னா இருபத்தொன்பது தடவை 'யோசிக்கிறார்'னு எழுதி வெச்சிருக்க. பட்டியல்ல அப்படி ஒரு காரணமே கிடையாதும்மா."

"பதிவைப் பாருங்க சார். பதினஞ்சாவது நிமிஷத்துல இருந்து. அதுக்கப்புறமும் ரத்துன்னு தோணினா பண்ணிடுங்க, என் பேர்லயும் புகார் எழுதுங்க."

அவர் நின்றபடியே பார்க்க ஆரம்பித்தார். அலமாரிப் பேச்சு வந்ததும் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கண் மூடிய இடத்தை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கு இத யாரும் இப்படிச் சொல்லித் தரலியே" என்றார் கடைசியில். தன் பெயரில் மென்பொருளுக்குள் போய், ஐந்தாம் கட்டத்துக்கு எதிரே 'செல்லும்' என்று போட்டார். ஒன்பதாம் கட்டத்துக்காகக் கழுகின் பெயரில் ஒரு குறிப்பும் போட்டார், அதுவும் நியாயம்தானே. மூன்று வருஷக் கணக்கு அன்றோடு கெட்டது. அந்த அம்மா எத்தனை மதிப்பெண் வாங்கினார் என்பதைக் காவலர்களுக்குக் காட்ட மாட்டார்கள். புதன்கிழமை சாயங்காலத்துக்குள் முடிவு அவர் கைக்குப் போய்விடும், வெள்ளிக்கு இன்னும் நேரம் இருந்தது.

வெயில் சாயும் முன்பே வீட்டுக்குத் திரும்பினாள். பூட்டில் சாவியை விட்டாள். கதவு திறக்கும்போதே பார்த்துவிட்டாள்: ஜன்னல் பக்கம் இருந்த வீட்டுக்காரரின் தலை சாவிச் சத்தம் கேட்டுச் சட்டென்று திரைப்பக்கம் திரும்பியது. அவசரமாகப் பேனாவை எடுத்தார். பன்னிரண்டு கட்டங்களில் தினமும் பார்க்கிற அதே திரும்பல், அதே திருதிரு முழி. தன் வீட்டில், தன் சாவிக்கு.

"படிச்சுட்டுதான் இருக்கேன்" என்றார் அவர்.

"தெரியும்" என்றாள். செருப்பைக் கழற்றவும் மறந்து அவர் பக்கத்தில் வந்து நின்றாள். "ஜன்னல்ல என்ன பார்த்தீங்க?"

கேலி செய்கிறாளோ என்று அவர் ஒருகணம் அவள் முகத்தைப் பார்த்தார்.

"எதிர்ல அந்தக் கிடங்கு இருக்குல்ல? மூணு மாசமா பார்க்கறேன். அந்த வெள்ளை வேன் தினம் ரெண்டு தடவை காலியாவே திரும்பி வருது. எட்டு மணி லோடும் பத்து மணி லோடும் வேற வேற தெருவுக்குப் போறதாலதான் அப்படி. மாத்திப் போட்டா ஒரு வேன் மிச்சம். அத எப்படி நிரூபிக்கிறதுன்னுதான்..." நிறுத்திக்கொண்டார். "சும்மா, ஒரு யோசனை."

அவர் முன்னால் இருந்த நோட்டைத் திருப்பினாள். பக்கம் பக்கமாக மணி, நிமிஷம், வேன் எண்.

இன்னொரு நாற்காலியை இழுத்து ஜன்னலைப் பார்த்துப் போட்டாள்.

"அடுத்த வேன் எப்ப வரும்?"

"அஞ்சே காலுக்கு."

இன்னும் ஏழு நிமிஷம் இருந்தது. இரண்டு பேரும் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.