வார்டனுக்கு ஓர் அக்கா

அஸ்தானாவில் பனிப்புயல் எச்சரிக்கை வந்த வெள்ளிக்கிழமை, மாணவியர் விடுதி வார்டன் பல்ஜான் அபாய் அறிவிப்புப் பலகையில் இரண்டே வரி எழுதி ஒட்டினார். ‘சனி, ஞாயிறு யாரும் ஊரைவிட்டுப் போகக் கூடாது. மீறினால் பெட்டி படுக்கையோடு சொந்த நாட்டுக்கு.’ அபாய் என்பது அங்கே மூத்த பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல். இவர் விஷயத்தில் கடைசியில் ஒரு ‘அம்’ சேர்த்துக்கொண்டாலும் பிழையில்லை.

ஒட்டிய கையோடு, தனக்கு இடுப்புவலி, இரண்டு நாள் எழுந்திருக்கவே முடியாது என்று அலுவலகத்துக்கும் சொல்லிவிட்டுப் போனார்.

அறிவிப்பைப் படித்த மவ்சுனாவுக்கு முகம் விழுந்துவிட்டது. தஜிகிஸ்தானிலிருந்து படிக்க வந்து இரண்டாவது குளிர்காலம். புரபாய் ஏரி உறைந்து கிடப்பதைப் பார்க்க, சனிக்கிழமை காலை ரயிலுக்கு என்றைக்கோ சீட்டு வாங்கி வைத்தாயிற்று.

“அழுறியா? அழு, அழு. அழுதுட்டு மூட்டையைக் கட்டு,” என்றாள் அறைத்தோழி பர்னோ. உஸ்பெக்கிஸ்தானின் தெர்மெஸ்காரி, வெயிலில் காய்ந்த ஊர், வாயில் மட்டும் ஈரம் வற்றாது. “அந்தம்மா படுத்த படுக்கையா கெடக்குது. ரயில்ல வந்தா நம்மளைப் புடிக்கப் போவுது?”

ரயிலில்தான் இருந்தார்.

இருவரும் உடம்பெல்லாம் பனியோடு பெட்டிக்குள் ஏறி, தங்கள் இருக்கையைத் தேடி நின்றபோது, எதிரில் ஜன்னலோரம் சிவப்புக் கோட்டும் நரித்தோல் தொப்பியும் உதட்டுச் சாயமுமாக ஓர் அம்மாள் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். விதை பாதி வழியில் நின்றது. மவ்சுனா இறங்கிவிடலாமென்று திரும்பினால் ரயில் நகர்ந்துவிட்டது.

முதலில் சுதாரித்தது அந்த அம்மாள்தான்.

“என்னம்மா இப்படிப் பாக்குறீங்க? ஓ... என் தங்கச்சி விடுதிப் பொண்ணுங்களா? எல்லாருக்கும் இதே குழப்பந்தான். நான் பல்கியா. நாங்க ரெட்டைப் பிறவி. நான் பத்து நிமிஷம் மூத்தவ.”

பேசும்போது வார்டனின் தங்கப்பல் அதே இடத்தில் மின்னியது. மோவாய் மச்சம்கூட இம்மி பிசகவில்லை. மவ்சுனா வாயடைத்துப் போனாள். பர்னோவா அடைபடுவாள்?

“அப்படியா, பல்கியா அபாய்! உங்க தங்கச்சியைவிட நீங்க பத்து வயசு சின்னவங்களா தெரியிறீங்களே!”

சிவப்புக் கோட்டுக்கு அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா, அடியாக எடுத்துக்கொள்வதா என்று தெரியவில்லை. விதையைக் கடித்துத் துப்பினார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து வெட்டவெளியில் ரயில் நின்றது. தண்டவாளத்தில் பனி மூடிவிட்டதாம், வழி சரியாவதற்கு ஒரு மணி நேரமாவது ஆகுமாம். ஜன்னலுக்கு வெளியே வானம் எது தரை எது என்று தெரியாத வெள்ளை. மூன்று பேரும் பெட்டிக் கோடியில் வெந்நீர் பிடித்து வந்து தேநீர் கலந்துகொண்டார்கள். பர்னோ வசதியாகச் சம்மணம் போட்டாள்.

“உங்க தங்கச்சி சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தானா, அபாய்?”

“எப்படி?”

“ஒரு ஆள் குளிக்கப் போனா போதும், கதவைத் தட்டி, ‘ஆத்தையே காலி பண்றியா?’ன்னு கத்துது. போன மாசம் என் தலகாணிக்கு உறை அழுக்குன்னு நாலு பேருக்கு முன்னால தூக்கிக் காட்டிச்சு.”

“அழுக்கா இருந்திருக்கும்.”

“இருந்துச்சுதான். அதுக்காக? விடியக்காலையில பாட்டு வேற. எங்க ஊர்ல கழுதைக்குக் குரல் கட்டினா அப்படித்தான் இருக்கும்.”

“அவ நல்லாப் பாடுவா!” சிவப்புக் கோட்டு சீறியது. “பள்ளிக்கூடத்துல பரிசு வாங்கியிருக்கா!”

“நீங்க வாங்கலையா?”

“எனக்கு... தொண்டை சரியில்ல அப்போ.”

மவ்சுனா சிரிப்பை அடக்க முகத்தைத் தேநீர்க் கோப்பைக்குள் புதைத்தாள். மூக்கு சுட்டுவிட்டது.

கோபத்தைக் காட்டிக்கொள்ளாமல் அம்மாள் ஒரு துணிமூட்டையை அவிழ்த்தார். எண்ணெயில் பொரித்த பௌர்சாக் உருண்டைகள், துண்டு போட்ட குதிரைக்கறி. வாசனையிலேயே மவ்சுனாவுக்குப் பயம் பாதி கரைந்தது, இரண்டாவது துண்டில் முழுதும்.

“சாப்பிடு கண்ணு. பொதுச் சமையலறை வரிசையில நின்னு சமைச்சுச் சமைச்சே வத்திப்போயிருக்கே. ரூமுலயே எதையாவது பொங்கிக்கிட்டா என்ன? நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?”

“அதெல்லாம் பொங்குறோம் அபாய்,” வாய் நிறையக் கறியோடு மவ்சுனா சொன்னாள். “கரண்ட் அடுப்பு இருக்கு. அலமாரிக்குப் பின்னாடி, பூட்ஸ் பெட்டிக்குள்ள. உங்க தங்கச்சி ரெண்டு தடவை சோதனை போட்டும் அம்புடலையே!”

பர்னோ அவள் தொடையைக் கிள்ளினாள். கிள்ளிய நேரம் கடந்துபோன நேரம்.

“கெட்டிக்காரிங்க,” என்று சிரித்த அம்மாள், மவ்சுனாவின் கையில் இன்னொரு துண்டை வைத்தார்.

ரயில் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தது. நடைமேடையில் அம்மாளின் வயதுப் பெண்கள் நாலு பேர் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள். “பல்ஜான்! அடியே பல்ஜான்!” ஒருத்தி கட்டிப்பிடித்துக் குலுக்கினாள். “இடுப்புவலின்னு சொன்னியா? நம்பிட்டாங்களா?”

மற்றவராக இருந்தால் பனிக்குள் புதைந்திருப்பார். அம்மாள் நிதானமாக மாணவிகள் பக்கம் திரும்பினார்.

“பாத்தீங்களா? ஒண்ணாப் படிச்சவளுக. நாப்பது வருஷமாச்சு, இன்னும் எங்களை அடையாளம் தெரியல.”

அன்று பிற்பகல் முழுக்க இருவரும் உறைந்த ஏரியில் சறுக்கினார்கள். சறுக்கியதைவிட விழுந்தது அதிகம். தூரத்தில் ஒரு சறுக்குவண்டியில் சிவப்புக் கோட்டு உட்கார்ந்திருக்க, தோழிகள் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு ஓடினார்கள். வண்டி கவிழ்ந்தது. பனியில் மல்லாந்து கிடந்தபடியே அம்மாள் பாட ஆரம்பித்தார். ஏரி முழுக்கக் கேட்டது. அந்தக் குரலில் சாவிக்கொத்தும் இல்லை, அறிவிப்புப் பலகையும் இல்லை.

“நெசமாவே நல்லாத்தான் பாடுறாங்கடி,” என்றாள் மவ்சுனா. பர்னோ பாட்டு முடியும்வரை நின்று கேட்டாள்.

திங்கட்கிழமை காலை, இடுப்பில் கம்பளிச் சால்வை சுற்றி, முகத்தைச் சுளித்தபடி வார்டன் தன் மேசையில் உட்கார்ந்திருந்தார்.

“இப்போ எப்படி இருக்கு அபாய், வலி?” பர்னோ குனிந்து கேட்டாள்.

“பரவால்ல. ரெண்டு நாள் எங்க இருந்தீங்க?”

“நூலகத்துல.”

“அங்க பனி அதிகமோ? மூக்கெல்லாம் தோல் உரியுது.”

அதற்கு மேல் இரண்டு தரப்பும் கிளறவில்லை. தப்பித்தோமென்று அறைக்கு ஓடிவந்து அலமாரியை நகர்த்தினார்கள். பூட்ஸ் பெட்டி இருந்தது. அதற்குள் பூட்ஸ் இருந்தது. அடுப்பு இல்லை.

பர்னோ குதித்தாள். “அநியாயம்! நாம அக்காகிட்டதானே சொன்னோம்? இந்தம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“போய்க் கேளு,” கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தாள் மவ்சுனா. “உங்க அக்கா கோள்சொல்லின்னு முகத்துக்கு நேரா கேளு!”

அன்று மாலை பொதுச் சமையலறை வரிசையில் நின்றபோது, முன்னால் நின்றவளிடம் பர்னோ ஆரம்பித்தாள். அவள் தனக்கு முன்னால் நின்றவளிடம். பானை கொதிக்குமுன் மூன்று மாடிக்கும் கதை போய்விட்டது. மறுநாளிலிருந்து விடுதியில் ஒருத்தி விடாமல், வார்டனின் மேசையைக் கடக்கும்போது பவ்வியமாக நின்றாள்.

“அபாய், உங்க அக்கா சுகமா?”

பல்ஜான் அபாய் ஏட்டிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

“நல்லா இருக்கா. அடுத்த வாரம் சோதனைக்கு அவளையே கூட்டிட்டு வரலாம்னு இருக்கேன்.”