பெயரோடு ஒட்டிக்கொண்ட குறிப்பு

பெரியநாயக்கன்பாளையத்தை அடுத்த துணை சுகாதார நிலையத்தில் பதினோரு ஆண்டுகளாகக் கிராம சுகாதாரச் செவிலியராக இருக்கும் அன்புக்கரசிக்கு ஒரு பெருமை உண்டு. அதை அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை; சொல்லாமல் இருப்பதுதான் அந்தப் பெருமையே. தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர்களும் கர்ப்பத்தைப் பதிவுசெய்து எண் வாங்க அவளிடம் வந்தாக வேண்டும். ஆகவே பட்டறை முதலாளி வீட்டு மருமகளும் லேத் தொழிலாளியின் மனைவியும் தங்கள் செய்தியை, பல நேரம் மாமியாருக்கும் முன்னால், அவளிடம்தான் சொன்னார்கள். அவளுடைய அம்மா வள்ளியாத்தாள் நாயுடு வீட்டுத் தோட்டத்தில் களையெடுத்தவள். பெரிய வீட்டுச் சேதி எது வெளியே கசிந்தாலும் வேலைக்கு வந்துபோகும் பெண்களைத்தான் முதலில் கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்பதை அன்புக்கரசி சிறுவயதிலேயே பார்த்திருக்கிறாள். தன்னை அப்படி விசாரிக்க ஒரு காரணத்தை அவள் இதுவரை எவருக்கும் கொடுத்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை தேஜஸ்ரீ வந்தாள். தோட்டம் இருந்த இடத்தில் இப்போது பம்ப் உதிரிபாகப் பட்டறை நடத்தும் அதே நாயுடு வீட்டின் மருமகள் அவள். பட்டறை அலுவலகத்தைக் கவனிப்பவள். இரண்டு முறை கரு கலைந்தவள். இரண்டு முறையும் செய்தி தெரிந்த வாரத்தில் பழக்கூடையோடு வந்த உறவினர்கள், சில வாரம் கழித்து ஆறுதலோடு திரும்ப வந்தார்கள். அந்த இரண்டாவது வருகையைத்தான் தாங்க முடியவில்லை என்று அவள் சொல்லியிருந்தாள். இம்முறை ஐந்தாம் மாத ஸ்கேன் முடியும்வரை கணவன் ரித்விக்கையும் செவிலியரையும் தவிர ஒருவருக்கும் தெரியக் கூடாது. அதற்காகவே தன் போனில் இரண்டாவது சிம் ஒன்று போட்டு, அந்த எண்ணை அன்புக்கரசிக்கு மட்டும் கொடுத்திருந்தாள்.

சனிக்கிழமை கைதவறி அந்த சிம்மிலிருந்து லாரி புக்கிங் கிருபாசங்கரை அழைத்துவிட்டாள். போனை எடுத்ததும் அவர் கேட்டதை அவள் அப்படியே ஒப்பித்தாள்.

"ஏனுங்க அம்மணி, உங்க பேருக்குப் பின்னால ‘மூணு மாசம் ஹைரிஸ்க்’னு வருதுங்களே, இன்சூரன்சுக்காரன் எவனாச்சும் எழுதிப்போட்டானுங்களா?"

ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கிறாள். ஆனால் அழைப்பவரின் பெயரைக் காட்டும் அந்தச் செயலி மாமியார் பங்காரம்மாவின் போனிலும் இருந்தது. இன்னொரு முறை கை தவறினால் போதும்.

கிருபாசங்கர் அனுப்பியிருந்த ஸ்கிரீன்ஷாட்டை அன்புக்கரசி வாங்கிப் பார்த்தாள். சொந்தக் கையெழுத்தை அடையாளம் காண்பதுபோல் அந்தச் சொற்களை அடையாளம் கண்டாள். தன் போனில் அந்த எண்ணை அவள் சேமித்திருந்த விதம் அதுதான்.

தேஜஸ்ரீ குரலை உயர்த்தவில்லை. "நீங்க ஒருத்தர்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டீங்கக்கா. ஆனா இது உங்க எழுத்துதானுங்களே?"

"என்ற எழுத்துதானுங்க" என்றாள் அன்புக்கரசி.

சென்ற ஆண்டு, வேண்டாத அழைப்புகளின் தொல்லை பொறுக்காமல் அவளும் அந்தச் செயலியை ஏற்றியிருந்தாள். தொடர்பு எண்களைப் பார்க்கலாமா என்று அது கேட்டது. சரி என்று அழுத்தினாள். அன்று இருந்தவையும் அதன்பின் அவள் சேர்த்தவையுமாக நானூற்றுப் பன்னிரண்டு தாய்மார்களின் எண்களும், அவரவர் பெயரோடு அவள் சேர்த்து எழுதியிருந்த குறிப்புகளும் அந்தச் செயலியின் பொதுப் பட்டியலுக்கு அப்படியே போய்விட்டன. ‘சர்க்கரை’, ‘ரத்தம் கம்மி’ என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவள், ஒரு பெயரருகே ‘கல்யாணம் ஆகல’ என்று தானே எழுதியிருந்ததைக் கண்டதும் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

கைபேசிக் கடை உமர் பாரூக் எளிய வழி ஒன்று சொன்னார். வீட்டையே மாற்றுவதுபோல, போனின் மென்பொருளையே கழற்றிவிட்டு வேறொன்றை ஏற்றிவிடலாம், எவரும் எதையும் உறிஞ்ச முடியாது. துறையின் பதிவுச் செயலி அதில் ஓடுமா என்று கேட்டாள். அதற்குத் தன்னால் உத்தரவாதம் தர முடியாது என்றார்.

"அப்ப ஊடு இதே இருக்கட்டுமுங்க. கதவு எத்தனைன்னு நானே எண்ணிக்கறேன்."

இரண்டு மாலைகள் எண்ணினாள். அந்தச் செயலியை நீக்கிய பிறகு அமைப்புகளுக்குள் போய், ஒவ்வொரு செயலிக்கும் எந்தெந்த அனுமதி இருக்கிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். டார்ச்சுக்குத் தொடர்பு எண்கள் எதற்கு? ராகுகாலம் சொல்லும் காலண்டரோ, அவள் எந்த வீட்டு வாசலில் நிற்கிறாள் என்பதை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் மறுத்தாள். துறையின் செயலிக்கு மட்டும் இருப்பிடத்தை, பயன்படுத்தும்போது மட்டும் என்று விட்டாள். பூட்டிய திரையில் குறுஞ்செய்தி தெரியாதபடி செய்தாள். குறிப்புகளைப் பீரோவிலிருந்த பதிவேட்டுக்கு மாற்றிவிட்டு, போனில் பெயரையும் பதிவெண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையும் மட்டும் வைத்தாள். எந்தக் கதவு எங்கே திறக்கிறது என்பது இப்போது அவளுக்குத் தெரியும். அந்தப் போன் முதல்முறையாக அவளுடையதாகப் பட்டது.

ஆனால் போனது போனதுதான். செயலியின் பட்டியலிலிருந்து ஓர் எண்ணை நீக்க வேண்டுமானால் அந்த எண்ணுக்கு உரியவரே ஓடிபி போட்டு நீக்க வேண்டும். முதலில் தேஜஸ்ரீயின் எண். மறுநாள் அவள் அந்த எண்ணிலிருந்து உமர் பாரூக்கின் கடைக்கு அழைத்தபோது, அதே செயலி இருந்த அவர் போன் திரையில் பத்து இலக்கங்கள் மட்டும் வந்தன.

மற்றவர்களிடம், துறை கேட்கிறது என்று சொல்லி ஓடிபியை வாங்கியிருக்கலாம். ஒருவரும் மறுத்திருக்க மாட்டார்கள். ஏமாற்றுகிறவனும் அப்படித்தான் கேட்பான் என்பதால் அவள் அதைச் செய்யவில்லை. புதன்கிழமை தடுப்பூசிக்கு வந்த தாய்மார்களை உட்கார வைத்து, நடந்ததைச் சொன்னாள். தப்பு தன்னுடையது, ஓடிபியைத் தன்னிடம்கூடச் சொல்ல வேண்டாம், அவரவர் போனில் அவரவரே போட்டுக்கொள்ளட்டும் என்றாள். பின்வரிசையில் குழந்தையைத் தோளில் போட்டிருந்த லோகப்பிரியாதான் முதலில் கேட்டாள்.

"என்னைய என்னன்னுங்கக்கா எழுதியிருந்தீங்க?"

"‘ரத்தம் கம்மி’ன்னு கண்ணு. ‘வாய் ஜாஸ்தி’ன்னு எழுத எடம் பத்தல."

சிரிப்பு அடங்குவதற்குள் போன்கள் வெளியே வந்துவிட்டன. அன்று முப்பத்தெட்டு எண்கள் நீங்கின. மணமாகாத அந்தப் பெண்ணின் எண்ணை மட்டும், அவள் வேலை பார்க்கும் மில்லின் வாசலில், மதிய இடைவேளையில் தனியாக முடித்துக்கொடுத்தாள். புதன்கிழமைதோறும் இப்படியே தொடர, ஏழு வாரத்தில் ஒன்பது எண்கள் மட்டும் எஞ்சின; அவற்றுக்கு உரியவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. அந்த ஒன்பதையும் அவள் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.

ஐந்தாம் மாத ஸ்கேன் நன்றாக வந்தது. அன்று மாலையே தேஜஸ்ரீ மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மறுநாள் காலை பங்காரம்மாவின் கார் துணை சுகாதார நிலையத்தின் முன்னால் நின்றது.

"ஏனம்மணி, வாராவாரம் எங்கூட்டு வழியாத்தான போற. ஒரு வார்த்தை சொல்லலையே."

"அது என்ற சேதி இல்லைங்களேம்மா. அவங்க சேதிங்க."

பங்காரம்மா சுவரிலிருந்த தடுப்பூசி அட்டவணையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கூட்டுச் சேதி ஒண்ணு வெளிய போயிருச்சுன்னு உங்கம்மாளை ஒருக்கா கூப்பிட்டு விசாரிச்சேன். வேற யாரோ சொன்னதுன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது. அதை அவகிட்ட நான் சொல்லவே இல்ல."

அன்புக்கரசி அம்மாவிடம் இதை இன்று மாலையே சொல்ல வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

பங்காரம்மா தன் போனை மேசைமேல் வைத்தாள். "நீ போன்ல என்னமோ கதவெல்லாம் சாத்துனேன்னு மருமக சொன்னா. இதுலயும் சாத்திப்போடு."

அன்புக்கரசி போனை எடுக்காமல் அவள் பக்கமாகவே நகர்த்தினாள். "நான் தொட மாட்டனுங்கம்மா. எங்க அழுத்தோணும்னு சொல்றேன், நீங்களே அழுத்துங்க."

பங்காரம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மேசைக்கு எதிரே தாய்மார்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தாள்.