பத்தே நிமிஷம்

அவர் லிஃப்ட் மெக்கானிக் வேலையை விட்டு ஒரு வருடம் ஆகிறது. லிஃப்ட்தான் அவரை விட்டபாடில்லை. "நடுவுல நின்னுடுச்சுங்க, உடனே வாங்க" என்று முன்பின் தெரியாதவர்களெல்லாம் நேரம் காலம் இல்லாமல் கூப்பிட்டார்கள். யாரைக் குறை சொல்வது? கம்பெனி போனை ஒரு ஜென்மமும் எடுப்பதில்லை என்று, பன்னிரண்டு கட்டடங்களின் லிஃப்டுக்குள்ளும் கறுப்பு மார்க்கரால் தன் நம்பரைக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்த புண்ணியவான் அவரேதான்.

இப்போது தையல் மிஷின் பழுது பார்க்கிறார். ஆரம்பத்தில், வேலையை விட்ட கதையைப் பொறுமையாகத்தான் சொல்லிப் பார்த்தார். கெஞ்சினார்கள், திட்டினார்கள், அரை மணி நேரம் உயிரை வாங்கினார்கள். அப்புறம்தான் அந்தச் சுலப வழி பிடிபட்டது. "வந்துக்கிட்டே இருக்கேன், பத்தே நிமிஷம்!" ஐந்தே நொடியில் ஆள் நிம்மதியாகப் போனை வைத்துவிடும். அட, மெக்கானிக் பத்து நிமிஷம் என்றால் எவன் நம்புகிறான்? வரவில்லையென்றால் வேறு யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளப் போகிறார்கள். மனசாட்சிக்கு இப்படித்தான் சமாதானம் சொல்லி வைத்திருந்தார்.

அன்று காலை பத்தரைக்கு ஒரு பெண் குரல். "அண்ணே, பச்சை கேட் கட்டடம். மூணாவது மாடிக்கும் நாலாவதுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டேன். பொண்ணு வெளிநாடு போறா, நான் ஏர்போர்ட் போகணும்."

"வந்துக்கிட்டே இருக்கேம்மா. பத்தே நிமிஷம்."

போனைச் சைலண்டில் போட்டு இழுப்பறைக்குள் தள்ளினார். மேஜைமேல் ஒரு மிஷின் நூலை அறுத்து அறுத்துத் தள்ளிக்கொண்டிருந்தது. அதோடு மல்லுக்கட்டியதில் காலை போனதே தெரியவில்லை.

ஒரு மணிக்குச் சாப்பிட எழுந்தபோது பார்த்தால், அதே நம்பரிலிருந்து எட்டு மிஸ்டு கால். திருப்பிக் கூப்பிட்டார். ஸ்விட்ச் ஆஃப். பழைய சாவிக்கொத்தையும் டூல்ஸ் பையையும் தேடி எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரை விரட்டினார்.

வாட்ச்மேன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இவ்வளவு நேரமாய்யா? ஃபயர் சர்வீசைக் கூப்பிடறேன்னேன். வேணாம், மெக்கானிக் வர்றேன்னு சொல்லிட்டாரு, வந்துடுவாருன்னு அந்தம்மா ஒரே பிடிவாதம்."

மொட்டை மாடி மோட்டார் அறைக்கு ஏறினார். மெயின் சுவிட்சை அணைத்து, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பெட்டியை நாலாவது மாடிக்குக் கொண்டுவந்தார். இறங்கி வந்து கதவைத் திறந்தால், ஐம்பது வயதுப் பெண் ஒருவர் ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை. "வந்துட்டீங்களாண்ணே!" என்று கையெடுத்துக் கும்பிட்டார். "வழியில ட்ராஃபிக்கா?"

பொய்யையும் அந்தம்மாவே எடுத்துக் கொடுத்தால் மனுஷன் என்னதான் செய்வான்? "ஆமாம்மா," என்றார். சொன்ன வாயிலேயே போட்டுக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"என் போன் செத்துப்போச்சு. உங்களதக் கொஞ்சம் குடுங்கண்ணே." வாங்கி மகளுக்கு அடித்தார். மணி முழுசும் அடித்து ஓய்ந்தது. "எடுக்க மாட்டா. தெரியாத நம்பர எடுக்காதடின்னு நான்தானே சொல்லிச் சொல்லி வளர்த்தேன். ரெண்டு மணிக்கு ஃப்ளைட். இனி மூணு வருஷம் கழிச்சுத்தான்."

அந்த முகத்தைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. டூல்ஸ் பையிலிருந்த பெயிண்ட் தின்னரில் துணியை நனைத்து, லிஃப்டுக்குள் இருந்த தன் நம்பரைத் துடைக்கப் போனார்.

"ஐயோ, அத அழிச்சிடாதீங்கண்ணே! கம்பெனிக்கு எத்தனை தடவை அடிச்சேன். நீங்க ஒருத்தர்தானே எடுத்தீங்க!"

துணி கையிலேயே நின்றது. அந்தம்மா அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் போனைச் சார்ஜில் போட அதே மாடியிலிருந்த வீட்டுக்குள் போனார். இவர் குற்றவாளிபோலப் படியில் இறங்கினார். கீழ்ப்படியை மிதிக்கும்போது போன் அடித்தது.

"யாருங்க? இந்த நம்பர்லருந்து கால் வந்திருந்துச்சு. எங்கம்மாவா? காலைல பத்து நிமிஷத்துல கிளம்பிடுவேன்னாங்க, ஆளையே காணோம். என்மேல கோபமா? ஃப்ளைட்ல ஏறிட்டேன், போனை அணைக்கச் சொல்றாங்க!"

"கட் பண்ணிடாதம்மா! வந்துக்கிட்டே இருக்கேன்!" என்று கத்திக்கொண்டே திரும்பிப் படியேறினார். லிஃப்டின் மெயினை அவரே அணைத்து வைத்திருந்தார். இரண்டாவது மாடியில் மூச்சு முட்டியது. அதற்குமேல் அடக்க முடியவில்லை. "உங்கம்மாவுக்கு ஒரு கோபமும் இல்லம்மா. லிஃப்டுல மாட்டிக்கிட்டாங்க, மூணு மணி நேரம். மெக்கானிக் நான்தான். வர்றேன்னு சொல்லிட்டு வரல. ட்ராஃபிக்குன்னு அவங்ககிட்ட சொன்னதும் பொய். போனைத் தூக்கி உள்ள போட்டுட்டு வேற வேலை பார்த்தேன்."

நாலாவது மாடியில் கதவு திறந்திருந்தது. போனை அந்தம்மா கையில் திணித்தார்.

"கண்ணு!" அழுகையும் சிரிப்புமாக ஏதேதோ பேசினார். சாப்பிட்டாயா, ஸ்வெட்டர் எடுத்தாயா. பிறகு பேச்சு நின்றது. காதில் போனோடு தலையைத் திருப்பி இவரைப் பார்த்தார். இவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு இரைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு நிமிடம்கூட இருக்காது, அழைப்பு அறுந்தது. அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை நீட்டினார்.

"எம்பொண்ணு எல்லாம் சொன்னா. அந்த நம்பர அழிச்சிட்டுப் போங்க."

அண்ணே என்று கூப்பிடவில்லை.