ஒகுத்து பெயரில் விற்ற மீன்

"பெரியப்பா, அந்த போன் நம்பரை அம்மா பேருக்கு மாத்திக் கொடுங்க."

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். கேட்டுவிட்டேன். உகாலிக் களியை உருட்டிய ஒகுத்து பெரியப்பாவின் கை அப்படியே நின்றது.

அப்பா செத்தபோது அம்மாவிடம் அடையாள அட்டை இல்லை. அப்பாவின் அண்ணன் என்ற முறையில் இவர்தான் தன் அட்டையைக் காட்டி சிம் வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து ஹோமா பே சந்தையில் அம்மா விற்கும் ஓமேனா மீனுக்கெல்லாம் காசு போன் வழியாக அந்த நம்பருக்குத்தான் வருகிறது. அனுப்புகிறவர் திரையில் இவர் பெயர்தான் தெரியும். சந்தைப் பையன்கள், "ஒகுத்து ஐயா, ரெண்டு டப்பா ஓமேனா!" என்று அம்மாவைக் கிண்டல் செய்வார்கள். அவளும் சிரிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வாரம் குளிர்பெட்டி வாங்கக் கடன் கேட்டுப் போனோம். வங்கிப் பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "உங்க பேர்ல ஒரு வரவுகூட இல்லையேம்மா" என்றாள். அதே வரவுகளைக் காட்டித்தான் பெரியப்பா மோட்டார் சைக்கிள் எடுத்திருந்தார்.

"பட்டம் வாங்கினதும் பெரியவங்ககிட்ட கணக்குக் கேக்க வந்துட்டியா, அகேயோ?"

"கணக்குக் கேக்கலை. வித்தது யாருன்னு சொல்றேன்."

"உன் பெரியப்பன் பேரு கசக்குதா? குடும்பத்துக்கு ஒரு பேரு போதும்."

"அப்போ அம்மா பேரே இருக்கட்டும்."

அவர் சிரித்தார். "நான் சிம் கடைக்கு வந்து கையெழுத்துப் போட்டாத்தான் மாறும். வரமாட்டேன். என்ன பண்ணுவே?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். இப்போ அம்மாவுக்கும் அட்டை வந்துடுச்சு, அதுல புது நம்பர் வாங்கியாச்சு. காலையிலயே அம்மாவோட மீன் கடைப் பலகையில எழுதிட்டோம். மரியாதைக்குத்தான் ஒரு தடவை கேட்டேன்."

"பழைய வரவெல்லாம் என் பேர்லதானே நிக்கும்? உங்களுக்கு எவன் கடன் குடுப்பான்?"

அவர் சொன்னது சரிதான். முதல் டப்பாவிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா, இடுப்பிலிருந்து போனை எடுத்து என்னிடம் நீட்டினாள். பழைய சிம்மைக் கழற்றி அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"மீன் விக்கணும்னா சந்தைக்கு வாங்க, பெரியப்பா. இடம் இருக்கு."

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தேன்.