அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை

1

இந்தக் கதை எனக்குக் கதவிடுக்கு வழியாகக் கிடைத்தது. ஒட்டுக்கேட்டேன் என்று சொல்வதா, தூக்கம் வராமல் படுத்திருந்தபோது காதில் விழுந்தது என்று சொல்வதா என்று கொஞ்சம் யோசித்தேன். இரண்டாவது மரியாதையாக இருக்கிறது. முதலாவது உண்மை. கதை முழுக்க இந்த இரண்டுக்கும் நடக்கும் தகராறுதான் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ஒட்டுத்தான் கேட்டேன்.

நான் படிப்பைப் பாதியில் விட்டவன். பார்சல் கிடங்கில் இரவு வேலை. அக்கா வீட்டில், கூடத்தை ஒட்டிய அறையில், பகலில் தூங்குகிறேன். அந்த அறைக் கதவு முழுதாகச் சாத்தாது. என்னைப் பற்றி இவ்வளவு போதும்.

அக்கா தன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதில்லை. வீட்டிலேயே பாடம். காலையில் ஜெபம், பிறகு கணக்கு, பிறகு வாசிப்பு. நடுவில் மரியாதை வகுப்பு என்று ஒன்று. பெரியவனுக்கு எட்டு வயது. எந்த விதியைச் சொன்னாலும் அதை நம்மைவிடச் சரியாக ஞாபகம் வைத்திருப்பான். சின்னவளுக்கு ஐந்து. அவளை நான் ஜட்ஜம்மா என்று கூப்பிடுவேன்.

2

தொடக்கங்கள்:

‘குழந்தைகளின் உள்ளம் வெள்ளைத் தாளைப் போன்றது. அதில் நாம் எதை எழுதுகிறோமோ’

[அடித்துவிட்டேன். இந்த வீட்டில் வெள்ளைத் தாள் என்று எதுவும் அரை மணி நேரம் தங்குவதில்லை.]

‘அன்பும் பண்பும் நிறைந்த அந்தக் கிறிஸ்தவக் குடும்பத்தில் ஒரு நாள்’

[இது வாசலில் கொடுக்கும் நோட்டீஸ்.]

‘கவுன் நீல நிறத்தில் இருந்தது. கழுத்தைச் சுற்றி வெள்ளைச் சரிகை.’

இது பரவாயில்லை.*

* ‘பரவாயில்லை’ அக்கா வீட்டில் தடை செய்யப்பட்ட சொல். ஒருவர் மன்னிப்புக் கேட்டால் இன்னொருவர் ‘பரவாயில்ல’ என்று சொல்லக் கூடாது. பரவாயில்லை என்றால் அவர் எதற்கு மன்னிப்புக் கேட்கிறார் என்பது அக்காவின் வாதம். மன்னிப்புக்கு மூன்று பகுதி. நான் இன்னது செய்தேன். என்னை மன்னிப்பாயா. சரிசெய்ய நான் என்ன செய்யட்டும். கேட்கப்பட்டவர் ‘மன்னிச்சுட்டேன்’ என்று சொல்ல வேண்டும். அதோடு அந்த விஷயம் முடிந்தது, அப்புறம் அதைக் கிளறக் கூடாது. கேட்க எளிதாக இருக்கிறது. ஒருமுறை செய்து பாருங்கள்.

3

மரியாதை வகுப்பில் விருந்தாளியை வரவேற்கும் பாடத்துக்கு நான்தான் விருந்தாளி. வீட்டுச் சாவி என் பையிலேயே இருக்கும். ஆனாலும் காலையில் வேலை முடிந்து வந்ததும் மணி அடித்துவிட்டு வெளியே நிற்க வேண்டும். பெரியவன் கதவைத் திறப்பான்.

“வாங்க, உள்ள வாங்க. பையக் கொடுங்க, நான் வாங்கிக்கிறேன்.”

அடுத்து சின்னவள். “உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா? வேலை எப்படி இருந்துச்சு?”

“நல்லா இருந்துச்சு.”

அவள் என் முகத்தைப் பார்ப்பாள். “நிஜமாவா?”

இந்த ‘நிஜமாவா’ பாடத்தில் இல்லை. அவளாகச் சேர்த்துக்கொண்டது.

“கால் கடுக்குது” என்பேன்.

முக்காலியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து என் காலடியில் போடுவாள். “அப்ப அதச் சொல்ல வேண்டியதுதானே மாமா” என்பாள்.

இன்னொரு பாடம் இந்தக் கதைக்கு முக்கியம். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசக் கூடாது. கட்டாயம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், தன் கையை அம்மாவின் கைமேல் வைத்துவிட்டுச் சும்மா நிற்க வேண்டும். அம்மா தன் மறுகையை எடுத்து அந்தச் சின்னக் கைமேல் வைப்பாள். ‘தெரியும், இதோ வர்றேன்’ என்று அர்த்தம். பேச்சில் ஓர் இடைவெளி கிடைத்ததும் திரும்பி, “சொல்லும்மா” என்பாள்.

அக்கா தோளில் போனை இடுக்கிக்கொண்டு பேச, ஆளுக்கொரு பக்கம் கையை ஒட்டிக்கொண்டு இரண்டும் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சிரிப்பு வரும். சிரித்தால் மரியாதை வகுப்பு எனக்கும் நடக்கும்.

4

இப்போது பாஸ்டரம்மா வர வேண்டும். எங்கள் சபைப் போதகரின் மனைவி.

முதலில் எழுதியபோது அவளைப் பெரிய கைப்பையும் இறுகிய வாயுமாக எழுதினேன். ஆள் எனக்குச் சரியாக வந்துவிட்டாள், அதனாலேயே சந்தேகம் வந்தது. நிஜத்தில் அவள் அப்படி இல்லை. அக்கா பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிப்பிக்கிறாள் என்று சபையில் ஆளுக்கு ஆள் பேசினார்கள். ‘நாலு சுவத்துக்குள்ள வளந்த புள்ளைங்களுக்கு நாலு பேர்கிட்டப் பேசத் தெரியுமா’ என்று அக்கா காதுபடவே கேட்டவர்களும் உண்டு. “அந்தப் புள்ளைங்களப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க” என்று சொன்ன ஒரே ஆள் பாஸ்டரம்மா. அக்காவுக்கு அந்தச் சபையில் நிற்க இருந்த இடம் அந்த ஒரு வாக்கியத்தின் அகலம்தான்.

அவள்தான் கவுனோடு வந்தாள். தானே தைத்தது. சின்னவள் போட்டுக்கொண்டு வந்து கூடத்தின் நடுவில் நின்றாள். நான் கதவிடுக்கில்.

“பிடிச்சிருக்காடா தங்கம்?”

சின்னவள் கொஞ்சம் யோசித்தாள். “பிடிக்கல ஆன்ட்டி. கழுத்துல குத்துது. எனக்காகத் தச்சதுக்கு நன்றி.”

[வாசகருக்கு: இந்தப் பதிலில் என்ன தப்பு என்று நான் பலமுறை யோசித்துவிட்டேன். கேள்விக்குப் பதில் இருக்கிறது. காரணம் இருக்கிறது. நன்றி இருக்கிறது. என் மேற்பார்வையாளர் ஒருநாளும் என்னிடம் இவ்வளவு ஒழுங்காகப் பேசியதில்லை.]

பாஸ்டரம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது. அக்கா பாய்ந்து வந்தாள்.

“ஐயோ, அவ சும்மா விளையாட்டுக்குச் சொல்றா பாஸ்டரம்மா. அவளுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. நீங்க வர்றதுக்கு முன்னாடியே கேட்டுக்கிட்டே இருந்தா.”

சின்னவள் போய் அம்மாவின் கைமேல் கையை வைத்தாள். வைத்துக்கொண்டு நின்றாள்.

அக்கா பேசிக்கொண்டே இருந்தாள். துணி எவ்வளவு நல்ல துணி, தையல் எவ்வளவு நேர்த்தி. அவளுடைய மறுகை காற்றில் துணியை அளந்துகொண்டிருந்தது, சின்னக் கைமேல் வந்து உட்காரவே இல்லை. பாஸ்டரம்மா கிளம்பி, வாசல் வரைக்கும் போய், செருப்பு மாட்டும் வரைக்கும் சின்னவள் அந்தக் கையைப் பிடித்தபடியே கூட நடந்தாள்.

கதவு சாத்தியதும் அக்கா வெடித்தாள்.

“தச்சுக் கொடுத்தவங்க முகத்துக்கு நேராவா அப்படிச் சொல்லுவ? பிடிச்சிருக்குன்னு ஒரு வார்த்த சொன்னா வாய் வலிக்குமா?”

“பிடிக்கலையேம்மா.”

“பிடிக்கலன்னாலும் சொல்லணும்.”

பெரியவன் கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினான். “அது பொய்யில்லையாம்மா?”

“நீ கணக்கப் போடு.”

5

அக்காவுக்குக் கோபம் வந்த வேகத்தில் போய்விடும். கொஞ்ச நேரத்தில் சின்னவள்முன் மண்டியிட்டு உட்கார்ந்தாள். முறைப்படி ஆரம்பித்தாள்.

“அம்மா உன்மேல கத்திட்டேன். அது தப்பு. என்னை மன்னிப்பியா?”

சின்னவள் யோசித்தாள். “இன்னும் இல்ல” என்றாள்.

“ஏய், அப்படிச் சொல்லக் கூடாது” என்றான் பெரியவன். “மன்னிச்சுட்டேன்னுதான் சொல்லணும். அதான் ரூல்.”

“மன்னிக்கலையே. சொன்னா பொய்யாயிடும்.”

பெரியவன் அம்மாவைப் பார்த்தான். இரண்டு விதிகள் முட்டிக்கொண்டால் எது ஜெயிக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அக்காவுக்கும்தான்.

அன்று படுக்கும் முன்னால் ஜெபத்தில் சின்னவள், “நான் இன்னும் அம்மாவ மன்னிக்கல, ஆனா முயற்சி பண்ணிட்டிருக்கேன், ஆமென்” என்றாள். மறுநாளும் அதே ஜெபம். சாப்பிட்டாள், விளையாடினாள், அம்மா மடியில் படுத்துக்கொண்டாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. அந்த ஒரு சொல்லை மட்டும் தரவில்லை.

அத்தான் வழக்கம்போல, “சின்னப் பொண்ணு, மறந்துடுவா” என்றார். அக்காவுக்கு அதுதான் பயம். மறந்துவிட்டால் மன்னிப்புக் கிடைக்காமலே போய்விடும்.

என்னிடம் தொட்டியடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டே சொன்னாள்: “ஊருக்கெல்லாம் என் புள்ளைங்களப் பாருங்கன்னு நிமிந்து நின்னேன்டா. இப்ப ஒரு அஞ்சு வயசுகிட்டக் கெஞ்சிட்டு நிக்கிறேன்.”

“கேட்டுப் பாரேன், என்னதான் வேணும்னு.”

“மரியாத தெரிஞ்சவ கேக்காமயா இருப்பேன். கேட்டா அழுதுடுவேனோன்னு இருக்கு.”

கேட்டாள். அழவும் செய்தாள். சின்னவள் அம்மாவின் கண்ணைத் தன் கவுன் நுனியால் துடைத்துவிட்டாள். (பழைய கவுன். நீலம் இல்லை.) பிறகு சொன்னாள்:

“நீங்க கத்தினதுக்கு எனக்குக் கோவம் இல்லம்மா. நான் விளையாட்டுக்குச் சொல்லல. நீங்க ஆன்ட்டிகிட்ட விளையாட்டுன்னு சொல்லிட்டீங்க. நான் கை வச்சேன். நீங்க பாக்கல.”

இத்தனை நாள் அக்கா மன்னிப்புக் கேட்டது செய்த தப்புக்குத்தான். ஆனால் சின்னவளுக்கு வலித்தது வேறொரு தப்பு. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். நீ சொன்ன உண்மையை நான் விளையாட்டு என்று மாற்றிச் சொன்னேன். நீ கை வைத்தபோது நான் பார்க்கவில்லை. என்னை மன்னிப்பாயா. மூன்றாவது பகுதி வந்தபோது குரல் இறங்கிவிட்டது.

“சரிசெய்ய நான் என்ன செய்யட்டும்?”

“ஆன்ட்டிகிட்டச் சொல்லுங்க.”

6

இந்த இடத்தில் நான் ஒரு முடிவை எழுதி வைத்திருந்தேன். பாஸ்டரம்மா வருகிறாள். அக்கா சொல்கிறாள். பாஸ்டரம்மா கலகலவென்று சிரித்து, பையிலிருந்து கத்தரியை எடுத்து, கழுத்துச் சரிகையை அங்கேயே வெட்டிவிடுகிறாள். சின்னவள் அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டு, “மன்னிச்சுட்டேம்மா” என்கிறாள். நன்றாக இருந்தது. அவ்வளவு நன்றாக இருந்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அக்காவுக்கும் சின்னவளுக்கும் வாசித்துக் காட்டினேன். அக்கா, “நான் எப்படா பாய்ஞ்சேன்? நடந்துதான் வந்தேன்” என்றாள். பாய்ந்தாள். அதை மாற்றவில்லை.

சின்னவள் கடைசி வரை கேட்டாள்.

“மாமா, நான் மன்னிச்சுட்டேன்னு சொல்லலையே.”

“இது கதைடா ஜட்ஜம்மா. கதையில அப்படித்தான் எழுதுவாங்க.”

“அப்ப அம்மா ஆன்ட்டிகிட்டச் சொன்னதும் கதையா?”

அக்கா என்னைப் பார்த்தாள். பல நாள் கழித்து அவள் முகத்தில் ஒரு சிரிப்பு. “பதில் சொல்லுங்க எழுத்தாளரே. இப்ப உங்களுக்கு மரியாத வகுப்பு.”

அக்கா செய்ததையே நானும் செய்திருந்தேன். அவள் பயத்தில் செய்தாள், நான் அழகுக்காகச் செய்தேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு முறைப்படி மூன்று பகுதியும் சொன்னேன். சின்னவள் உடனே “மன்னிச்சுட்டேன்” என்றாள். சரிசெய்ய, அவள் பேசியதாக இந்தக் கதையில் வரும் ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டி ஒப்புதல் வாங்கியிருக்கிறேன்.

[இங்கே அவள் சொன்ன ஒரு வரி இருந்தது. அவள் வேண்டாம் என்றதால் எடுத்தாயிற்று. நல்ல வரி.]

7

அந்தக் கத்தரி முடிவுக்குப் பதில் நிஜமாக நடந்தது இது.

ஒரு காலை நான் வேலை முடிந்து படியேறும்போது எனக்கு முன்னால் பாஸ்டரம்மா ஏறிக்கொண்டிருந்தாள். அக்கா கூப்பிட்டிருக்கிறாள். கதவுக்கு முன் இரண்டு விருந்தாளிகள். மணியை அவள் அடித்தாள்.

பெரியவன் திறந்தான். “வாங்க, உள்ள வாங்க. பையக் கொடுங்க” என்று ஆரம்பித்து, இரண்டு பைகளில் எதை முதலில் வாங்குவது என்று தெரியாமல் நின்றான். அவனுக்குப் பின்னால் அக்கா. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொல்லலாம் என்றுதான் நினைத்திருப்பாள். அதுவரை தைரியம் தாங்காது என்று பட்டிருக்க வேண்டும். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

“பாஸ்டரம்மா, அன்னைக்கு அவ விளையாட்டுக்குச் சொல்லல. நான்தான் மாத்திச் சொன்னேன். கவுன் கழுத்துல குத்துறது நிஜம். கேட்டுக்கிட்டே இருந்தான்னு சொன்னதும் நிஜமில்ல. நீங்க மட்டுந்தான் எங்க பக்கம் பேசுனீங்க, உங்க மனசு நொந்துடக் கூடாதுன்னு... என்னை மன்னிப்பீங்களா?”

பாஸ்டரம்மா சிரிக்கவில்லை. கையில் கத்தரி இல்லை. கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினாள். பின்கழுத்து வரை சிவந்திருந்தது. பின்னால் நின்ற எனக்கு அது தெரிந்தது.

“பரவாயில்ல” என்றாள்.

பெரியவன் வாயைத் திறந்தான். நான் பாஸ்டரம்மாவுக்குப் பின்னாலிருந்து வேண்டாம் என்று தலையாட்டினேன்.

“இல்ல, பரவாயில்லன்னு விட்டுட முடியாது” என்று அக்கா மறுபடி ஆரம்பித்தாள். “நீங்க அவ்வளவு ஆசையாத் தச்சிருக்கீங்க, நான் அன்னைக்கே...”

அப்போதுதான் சின்னவள் வந்தாள். வந்து, அம்மாவின் கைமேல் கையை வைத்துவிட்டுச் சும்மா நின்றாள்.

அக்காவின் மறுகை வந்து அதன்மேல் உட்கார்ந்தது. வழக்கமாகப் பேச்சில் இடைவெளி கிடைத்த பிறகுதான் திரும்புவாள். அன்று வாக்கியத்தைப் பாதியில் விட்டாள். பாஸ்டரம்மாவையும் என்னையும் வாசலில் நிற்க வைத்துவிட்டு, குனிந்து, “சொல்லும்மா” என்றாள்.

சின்னவள் சொன்னாள்.

பாஸ்டரம்மாவும் கேட்டாள், நானும் கேட்டேன். அதைக் கதையில் போடலாமா என்று சின்னவளிடம் கேட்டேன். “அது அம்மாவுக்குச் சொன்னது” என்றாள். அதனால் போடவில்லை.

அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று நீங்கள் ஏதாவது எழுதிக்கொள்ள வேண்டுமென்றால் கீழே இடம் விட்டிருக்கிறேன். அவசரம் இல்லை. எழுதும் கையின்மேல் ஐந்து வயதுக் கை ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மறுகை சும்மாதானே இருக்கிறது.

“                                        ”