மூக்கால் சொல்ல வேண்டிய பெயர்

நாலு வருஷம் மூன்று பேர் உட்கார்ந்து ஓர் இயங்குதளத்தைச் செய்து முடித்துவிட்டோம். அதற்கு ஒரு பெயர் வைக்கத்தான் எங்களுக்குத் துப்பில்லை. கோப்புகளில் அதன் பெயர் 'சோதனை-4'. பேச்சில் வெறும் 'அது'. "அது இன்னைக்காவது எழுந்திருக்குமா?" என்று கேட்டுக்கொண்டேதான் தினமும் காலையில், சான் லொரென்சோவில் ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் அறையைத் திறப்போம்.

நான் டெர்லிஸ். இயங்குதளத்தின் அடித்தளம் என் பொறுப்பு. படங்கள், பொத்தான்கள், சின்னங்கள் எல்லாம் ஓஸ்மார். மொழி சுனில்டாவுடையது. 'இந்தக் கோப்பை அழிக்கவா?' என்பதிலிருந்து 'அச்சு இயந்திரத்தில் தாள் இல்லை' என்பது வரை, திரையில் வரும் பதினோராயிரம் வாக்கியங்களையும் எங்கள் மண்ணின் பழைய மொழியான குவாரனியில் எழுதியவள் அவள். கட்டற்ற மென்பொருள் என்பதால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. இல்லாவிட்டால் குவாரனியில் ஒரு கணினி வேண்டும் என்று எந்தக் கம்பெனி வாசலில் போய் நின்றிருப்போம்.

சான் பெத்ரோவில் அவள் படித்த பள்ளிக்கூடத்தில் குவாரனி பேசினால் கல்லுப்பின் மேல் மண்டிபோட வைப்பார்களாம். அதை அவள் ஒரே ஒரு முறை சொன்னாள், பஸ் தாமதம் என்று சொல்கிற குரலில். என் கதை வேறு. அசுன்சியோனில் என் அம்மா, வீட்டுக்குள் குவாரனியே கூடாது என்று என்னை வளர்த்தாள். அதனால் எனக்கு அந்த மொழி புரியும், கெட்ட வார்த்தைகள் சரளமாக வரும், ஒரு வரிகூடப் பிழையில்லாமல் எழுத வராது. வெட்கக்கேடுதான். அந்த வெட்கத்தில்தான் ஒருநாள், "பேர் வைக்கிறப்ப நீ சொல்றதுதான் பேர், சத்தியமா" என்று சுனில்டாவிடம் வாக்குக் கொடுத்தேன்.

பிப்ரவரி வெயிலில் ஓர் அரசுத் துறையிலிருந்து கடிதம் வந்தது. அறுநூறு கிராமப் பள்ளிக் கணினிகளில் போட இயங்குதளம் தேடுகிறார்களாம். வெள்ளிக்கிழமை கடைசி நாள். நாங்கள் இல்லையென்றால் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் சரக்கு வரும். அதில் குவாரனி மருந்துக்கும் கிடையாது. விண்ணப்பத்தில் முதல் கேள்வியே பெயர்தான். 'எளிதில் நினைவில் நிற்கக்கூடியதும் சந்தையில் எடுபடக்கூடியதுமான பெயர்' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

"சும்மா குடுக்கிறதுக்கு எதுக்குய்யா சந்தை?" என்றான் ஓஸ்மார்.

"சும்மா குடுக்கிறதையும் கூவித்தான் குடுக்கணும் போல," என்றேன் நான்.

சுனில்டா தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைப் பானத்தை உறிஞ்சி முடித்துக் கொம்புக் குவளையை என்னிடம் நீட்டினாள். "ஞெஎ," என்றாள்.

பேச்சு, சொல், மொழி எல்லாவற்றுக்கும் குவாரனியில் அந்த ஒரே சொல்தான். மூக்கில் தொடங்கும், நடுவில் தொண்டை ஒரு நொடி அடைபடும், மறுபடி மூக்கிலேயே முடியும். எங்கள் லிபியில் எழுதும்போது முதல் எழுத்தின் தலையில் ஒரு சுழி, நடுவில் சிறு கோடாக ஒரு குறி, கடைசி எழுத்தின் தலையில் இன்னொரு சுழி.

"மூணு எழுத்துக்கு மூணு நகை போட்டிருக்கே. கல்யாணப் பொண்ணா இது?" என்றான் ஓஸ்மார்.

"உங்கம்மா உன்னை எந்த மொழியில திட்டுவாங்க?" என்று கேட்டாள் சுனில்டா.

"இதுலதான்."

"அப்ப வாயை மூடு."

அவன் மூடிக்கொண்டான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சொன்ன வாக்கைக் காப்பாற்றியாயிற்று என்று நினைத்தேன். அன்றைக்கே அறை முழுக்க எல்லாக் கோப்புகளிலும் 'சோதனை-4' போய் 'ஞெஎ' வந்தது. திரை முதன்முதலாக அந்தப் பெயரோடு எழுந்தபோது சுனில்டா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தாள்.

வியாழக்கிழமை துறையின் இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பினோம். பெயரை அடித்ததும் சிவப்பில் வந்து நின்றது: 'செல்லாத எழுத்துகள்'. போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"சிஸ்டம் எடுத்துக்கலைன்னா நாங்க என்ன சார் பண்றது?"

"அம்மா, இது இந்த நாட்டோட ஆட்சி மொழி."

"எங்க வீட்லயும் அதுதான் சார் பேசுறோம். சிஸ்டத்துக்குத் தெரியாதே."

சுனில்டா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நடுக்குறியை எடுத்தாள். சிவப்பு. கடைசி எழுத்தின் சுழியை எடுத்தாள். சிவப்பு. முதல் எழுத்தின் சுழியும் போனபிறகு கட்டம் பச்சையாயிற்று. அவள் சொல்லை அவளே உரித்துவிட்டு மிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை நம்ம ஆளுங்க வேற மாதிரிப் படிப்பாங்க, டெர்லிஸ்."

"யாரு இதை உக்காந்து படிக்கப் போறா," என்று சொல்லி அனுப்பும் பொத்தானை நானே அழுத்தினேன். என் அறிவு அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். மேசையின் தலைப்பக்கத்தில் டாக்டர் எஸ்குர்ரா. அவர் வக்கீல்தான், இங்கே வக்கீல் எல்லாம் டாக்டர். பக்கத்தில் விளம்பரக்காரன் புரூனோ, பெயர்களை எடைபோட வரவழைக்கப்பட்டவன். சுவரோரம் பத்துப் பதினைந்து அலுவலர்கள். ஒரு குமாஸ்தா பட்டியலை வாசித்தான்.

"அடுத்தது... நே."

கூட்டம் ஒரு கணம் விழித்தது. பிறகு சுவரோரமிருந்து ஒரு குரல், "யாருய்யா ஷூவைக் கழட்டினது?" என்றது. அறையே குலுங்கிச் சிரித்தது. குவாரனியில் 'நே' என்றால் நாற்றம். குறிகள் போனபிறகு மிஞ்சியதை இந்த நாட்டில் எந்தக் குழந்தையும் அப்படித்தான் படிக்கும். ஓஸ்மார்கூடச் சிரித்துவிட்டான், பாவி. நான் சிரிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான்.

சுனில்டா எழுந்து நின்று, "அது நே இல்ல. ஞெஎ," என்றாள்.

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தச் சொல்லைத் திருத்தமாக, மரியாதையோடு ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"அழகான சொல், சுனில்டா மேடம். எங்கம்மாவும் இதைத்தான் பேசுனாங்க. ஆனா எங்க பதிவேடு, சான்றிதழ், பெட்டி மேல ஒட்டுற சீட்டு எல்லாத்துலயும் குறி இல்லாமதான் விழும். அறுநூறு ஸ்கூல்லயும் பசங்க பெட்டியைப் பார்த்து மூக்கைப் பொத்துவாங்க. நான் என்னம்மா பண்ணட்டும்?"

"பதிவேட்டைத் திருத்தலாம்."

"அது என் கையில இல்லம்மா. யார் கையில இருக்குன்னும் எனக்குத் தெரியல."

புரூனோ தொண்டையைக் கனைத்தான். "நான் ஒண்ணு சொல்றேன். சிபா." கையால் காற்றில் ஒரு வளையம் போட்டான். "பஸ்ல கூடையோட ஏறி விக்கிறாங்கல்ல, சீஸ் போட்ட ரொட்டி, அதே சிபா. சின்னப் பேர், குறி கிடையாது. காலங்கார்த்தால கம்ப்யூட்டரைத் திறந்தா சுடச்சுட ஒரு சிபா. வேணாம்னு யார் சொல்லுவா?"

யாரும் சொல்லவில்லை. ரெண்டு பேர் எச்சில்கூட விழுங்கினார்கள். ஓஸ்மார் அதற்குள் தன் நோட்டில் ஒரு வளையத்தை வரைந்து அதற்கு ஆவி பறக்கவிட்டிருந்தான்.

"உங்க மூணு பேர்ல ரெண்டு பேர் சரின்னா இன்னைக்கே கையெழுத்து. இல்லேன்னா நான் அடுத்த விண்ணப்பத்தைத்தான் எடுக்கணும்," என்றார் டாக்டர். அடுத்த விண்ணப்பம் கதவோரம் தோல்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஓஸ்மார் கையைத் தூக்கினான். சுனில்டா இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு மேசையைப் பார்த்தாள். உள்ளே பதினோராயிரம் வாக்கியம், வெளியே ஒரு சொல். அந்த ஒன்றை விட்டால் இத்தனையும் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும். யோசிக்க என்ன இருக்கிறது? கையைத் தூக்கினேன். அந்தக் கை இன்னும் என்னோடுதான் இருக்கிறது, வெட்டிப் போடவா முடியும்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கோவமா?"

"கோவப்பட்டு?"

"உள்ள இருக்கிறது அத்தனையும் உன்னோடதுதானே."

"ஆமா," என்றாள்.

மறுநாள் அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தேன். அவள் பெயரை அவள் கையாலேயே எடுக்கும்படி ஆகக் கூடாது, அந்த மட்டிலாவது உதவலாம் என்று எண்ணம். 'ஞெஎ' வருகிற இடத்தில் எல்லாம் 'சிபா' என்று போடு என்று ஒரு வரிக் கட்டளை கொடுத்தேன். கண் மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்தது. அவள் வந்ததும் பெருமையாகச் சொன்னேன்.

சுனில்டா கோப்பைத் திறந்தாள். நாலு வரி படித்தாள்.

"'சிபாமே'ன்னு எங்க ஊர்ல கழுதைகூடச் சொல்லாதுப்பா."

'இல்' என்று சொல்ல குவாரனியில் இரண்டு விகுதி. மூக்கில் முடியும் சொல்லுக்கு 'மே', மற்றதற்கு 'பே'. ஞெஎ போய்விட்டது, அதன் மூக்கொலி மட்டும் ஒவ்வொரு வாக்கியத்திலும் தொங்கிக்கொண்டிருந்தது.

"அவ்வளவுதானே, அதுக்கும் ஒரு கட்டளை போட்டுடலாம்."

"இங்க பாரு." அவள் திரையைத் தொட்டாள். 'உங்கள் மொழியைத் தேர்ந்தெடுங்கள்' என்று கேட்ட இடத்தில் இப்போது 'உங்கள் சிபாவைத் தேர்ந்தெடுங்கள்' என்று இருந்தது. கடவுச்சொல்லுக்கு அவள் வைத்திருந்தது ஒளித்த சொல். அது 'ஒளித்த சிபா' ஆகியிருந்தது. ஓஸ்மார் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான்.

'ஞெஎ' இருந்த கோப்புகளை மீட்டுவிட்டேன், அது பெரிய விஷயமில்லை. 'சோதனை-4' இருந்தவற்றைத்தான் பெயர் வைத்த சந்தோஷத்தில் நானே அழித்திருந்தேன். ஆனால் ஆயிரத்துச் சொச்சம் இடங்களில் எது இயங்குதளத்தின் பெயர், எது வெறும் 'சொல்' என்று வாக்கியம் வாக்கியமாகப் படித்தால்தான் தெரியும். இயந்திரத்துக்குத் தெரியாது. ஓஸ்மார் பேசுவான், எழுத்தில் பார்த்தால் திணறுவான். எனக்கோ சொல்லவே வேண்டாம். சுனில்டா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நான் ஏதாவது பண்ணட்டுமா?" என்று மூன்றாவது தடவை கேட்டேன்.

"குவாரனி எழுதுவியா?"

"இல்ல."

"அப்ப சும்மா உக்காரு."

உட்கார்ந்தேன். அவள் முதல் வாக்கியத்தைத் திறந்தாள். ஞெஎ என்று இருந்த இடத்தில் நிறுத்தி, வாக்கியத்தை மெல்ல வாய்விட்டுப் படித்தாள். வெறும் சொல் என்றால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். பெயர் என்றால் அழித்தாள்.